ஆங்கிளும் அங்கிளும்

பினாங்குப் பாலத்தில் காடி ஏறும்போது சந்திரிகாவிடமிருந்து போன் வந்தது. லோகேஸ்வரன் ஓட்டிக்கொண்டிருந்ததால் அவன் தங்கை சாந்தினிதான் எடுத்தாள். எடுத்தவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“கிளம்பிட்டீங்களா?”

“பாலத்துல இருக்கோம் அண்ணி. அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு?”

“பரவால்ல. இன்னிக்கு பிசியோவுக்குக் கூட்டிட்டுப் போவணும். இங்க நிபோங் திபால்ல காலையிலேர்ந்து ஒரே மழை.” சந்திரிகா சற்று நிறுத்தினாள். “அவரு சாப்பிட்டாரா?”

அவர் என்பவர் ஒரு முழம் தள்ளி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் கேள்வி நாத்தனாரிடம் வந்தது. பதிலும் நாத்தனாரிடமிருந்துதான் போக வேண்டும் என்பது கொஞ்ச நாளாகவே அந்த வீட்டில் எழுதப்படாத ஏற்பாடு.

“ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒன்னு,” என்றாள் சாந்தினி.

“எண்ணெய்,” என்றாள் சந்திரிகா. போன் வைக்கப்பட்டது.

லோகேஸ்வரன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் மனைவி சந்திரிகா அவள் அம்மா வீட்டுக்குப் போனது அம்மாவின் முட்டி அறுவை சிகிச்சைக்காகத்தான் என்று தங்கள் ஊரான செபராங் ஜெயாவில் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொல்லியிருந்தான். அது பொய்யில்லை. ஆனால் முட்டி ஆறிய பிறகும் அவள் திரும்பவில்லை. போவதற்கு முன்தினம் சந்திரிகா சாந்தினியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “உங்கண்ணனுக்குக் கிட்ட இருக்கிறதப் பார்க்கத் தெரியல சாந்தினி.” கோபத்தில் சொன்ன பேச்சு என்று அதைச் சாந்தினி அப்போது விட்டுவிட்டாள்.

பின் இருக்கையில் இரண்டு பைகள் கிடந்தன. சின்னது லோகேஸ்வரனின் கேமரா. போட்டோவும் எடுக்கும், வீடியோவும் எடுக்கும். எத்தனையோ கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் பார்த்து, மூலைகளில் பெயின்ட் போன கேமரா. பெரியது சினிமா கேமரா. பாயான் லெப்பாஸில் இருக்கும் ஒரு சிநேகிதரிடம் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது.

போன வாரம் அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்தும் வீடியோ அலுவலகத்தில் வெடித்த சண்டை இந்தப் பெரிய பையைப் பற்றித்தான். கல்யாண வீடியோவோடு நிற்காமல் நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் படம் எடுக்க வேண்டும், அதற்கு இந்த மாதிரி ஒன்று வாங்க வேண்டும் என்று சாந்தினி சொன்னாள். லோகேஸ்வரன் எழுந்து நின்றான். “அந்தப் பொட்டியத்தான் வாங்கப் போறேன்னா, நீயே நடத்திக்க. நான் மாக் மண்டின்ல பேக்டரி வேலைக்குப் போறேன்.”

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அங்கே சூப்பர்வைசராக இருக்கும் அவன் கூட்டாளி திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருந்தான்.

சாந்தினியை உறுத்தியது கோபம் அல்ல, புதிர். ஊரில் முதலில் டிரோன் வாங்கியவன் லோகேஸ்வரன். புதிதாக எது வந்தாலும் பெட்டியைப் பிரித்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் துடைத்து வைப்பவன். அவன் இந்தக் கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஏன்?

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரு நாள், ஒரு வேலை. அவள் கேமராவை அவன் பிடிக்க வேண்டும். அவன் கேமராவை அவள் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் மற்றவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜார்ஜ்டவுனில் வெயில் சுள்ளென்று அடித்தது.

*

ஹனீபாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கடைக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை. அதைத் தாண்டினால் ஒரு காடி மட்டும் போகக்கூடிய சாலை. எதிர்வரிசையில் சில கடைகள் திறந்தும் சில கடைகள் இரும்புக்கதவு இறக்கியும் கிடந்தன.

ஹனீபாவின் மகள் ஹன்னாதான் இப்போது வியாபாரத்தைப் பார்க்கிறாள். செபராங் ஜெயாவில் புதிதாகக் கிளை திறக்கப் போகிறார்கள். அங்கே ஒரு சுவர் முழுக்கத் திரை. அந்தத் திரையில் ஓட ஒரு படம் வேண்டும்.

“அத்தா முகத்துல வேர்வை கூட தெரியணும்க்கா,” என்றாள் ஹன்னா. “சுவரு பெருசு. நல்லா இருந்தா பெருசா நல்லா இருக்கும். மங்கலா இருந்தா பெருசா மங்கலா இருக்கும். மத்தியானக் கூட்டம் முடிஞ்சதும் எடுத்தத காட்டுங்க. இன்னிக்கே சொல்லிடறேன்.”

ஹனீபா இரண்டு கேமராக்களையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்தில் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றி மறுபடியும் பார்த்தார்.

“ரெண்டும் கேமராதானே? எதுக்கு ரெண்டு?”

“இது என்னோடது அங்கிள்,” என்றான் லோகேஸ்வரன். “போட்டோவும் வரும், வீடியோவும் வரும். கனமில்ல. ஒரு ஆளோட கண்ணைப் பிடிச்சுதுன்னா விடவே விடாது, எங்க போனாலும் பின்னாலயே வரும்.”

“எங்க வீட்டுக்காரி மாதிரி.”

“அத்தா!” என்றாள் ஹன்னா.

“இது சினிமா எடுக்கறதுக்குன்னே செஞ்சது அங்கிள்,” என்றாள் சாந்தினி. “போட்டோ சரியா வராது. ஆனா உள்ளயே காத்தாடி இருக்கு, எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாகி நிக்காது. வெயில்ல எடுக்கறப்ப போடற கறுப்புக் கண்ணாடியும் உள்ளயே இருக்கு, சக்கரத்தத் திருப்பினா போதும். பெரிய மைக்க நேரா சொருகலாம்.”

“ஆட்டோபோக்கஸ்?” என்று கேட்டான் லோகேஸ்வரன், பதில் தெரிந்தே.

“இந்த லென்ஸுக்கு இல்ல. கையால திருப்பணும்.”

“கேட்டுக்கங்க அங்கிள். இவ்வளவு பெரிய கேமரா, கண்ணு மட்டும் நம்மளோடது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கேமராவை முக்காலியில் பூட்டும்போது அவன் ஒரு காரியம் செய்ததைச் சாந்தினி கவனித்தாள். பக்கவாட்டில் இருந்த பொத்தான்களைப் பார்ப்பதற்குத் தலையை முன்னால் கொண்டுபோகாமல் பின்னால் இழுத்தான். பிறகு, “மெனுவெல்லாம் நீயே செட் பண்ணிடு, எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல,” என்றான்.

டிரோனின் கையேட்டை ஒரே மூச்சில் படித்தவன்.

*

பதினொன்றரைக்கெல்லாம் கூட்டம் வந்துவிட்டது. வரிசை அஞ்சடி வரை நீண்டது. ஹனீபா கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி கோழிக்குழம்பு, மேலே ஒரு கரண்டி மீன்குழம்பு, அதன் மேல் ஒரு கரண்டி தால்ச்சா. “பாஞ்சிர்!” என்று யாராவது கத்தினால் சோறு மூழ்கும் வரை ஊற்றுவார். லோகேஸ்வரன் அவருக்கு எதிரே சினிமா கேமராவோடு நின்றான்.

சாந்தினி அண்ணனின் கேமராவை எடுத்துக்கொண்டு பின்கட்டுச் சமையலறைக்குப் போகும் வழியில் சினிமா கேமராவின் திரையை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தவள் நின்றுவிட்டாள். கண்ணாடிப் பெட்டியின் மேல் கருநிழல் பட்டைகள் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தன.

பட்டைக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் மலிவான எல்இடி விளக்குகள். நம் மின்சாரத்தின் தாளத்துக்கு அவை கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். லோகேஸ்வரனின் கேமராவில் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு விநாடி என்று வைத்துவிட்டால் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும். அவன் வாழ்நாள் முழுக்க அப்படியேதான் வைத்திருக்கிறான். ஆனால் சினிமா கேமரா விநாடிக் கணக்கில் பேசாது, கோணக் கணக்கில் பேசும். பழைய படக் கேமராக்களுக்குள் ஒரு வட்டத் தகடு சுழலும். அதில் வெட்டிவிட்ட திறப்பின் வழியாகத்தான் வெளிச்சம் பிலிமுக்குப் போகும். மடித்த அப்பம் பாலிக்கைப் போல் சரிபாதித் திறப்பு என்றால் நூற்றெண்பது டிகிரி. அந்தத் தகடு போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. ஷட்டர் ஆங்கிள்.

வாடகைக் கேமரா விநாடிக்கு இருபத்து நான்கு படம், நூற்றெண்பது டிகிரி என்று வந்திருந்தது. நூற்று எழுபத்திரண்டு சொச்சத்துக்கு இறக்கினால் பட்டை போய்விடும். அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மீன்தலைக் குழம்பை இறக்குகிறார்கள், இப்போதே வந்தால்தான் உண்டு.

ஓடினாள். சமையலறைக்கும் கடைக்கும் நடுவில் சட்டி கொடுக்கும் சதுர ஜன்னல். அதில் தலையை நீட்டிக் கத்தினாள்.

“அண்ணே! பட்டை விழுது! ஆங்கிள மாத்துங்க!”

புகைபோக்கி விசிறி ஒரு பக்கம் இரைந்தது. தட்டுகள் ஒரு பக்கம் கலகலத்தன. யாரோ தாப்பாவ் என்று பொட்டலம் கேட்டுக் கத்தினார்கள். லோகேஸ்வரன் காதில் கையை வைத்தான்.

“ஆங்கிள்! ஆங்கிள மாத்துங்க! நூத்தி எழுபத்திரண்டு!”

அவன் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் திரும்பிக்கொண்டாள்.

சமையலறையில் அண்ணனின் கேமரா அவளை ஆச்சரியப்படுத்தியது. சமையல்காரரின் கண்ணில் ஒரு சின்னச் சதுரம் ஒட்டிக்கொண்டது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், ஆவிக்குள் மறைந்து வெளியே வந்தார். சதுரம் அவரை விடவில்லை. ஆள் அசைய இடமில்லாத அந்த அடுக்களையில் பெரிய கேமராவை வைத்துக்கொண்டு அவள் எங்கே நின்றிருப்பாள்? அண்ணன் இத்தனை நாள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கஷ்டமாக இல்லை. ஆனால் அவன் ஏன் எப்போதும் இந்தப் பாதியை மட்டுமே சொல்கிறான்?

குழம்புச் சட்டியைக் கவிழ்க்கப் போகும் நேரத்தில் திரையில் தெர்மாமீட்டர் போல ஒரு குறி மின்னியது. கேமரா அணைந்துவிட்டது.

“என்ன தங்கச்சி, மயக்கமா?” என்றார் சமையல்காரர். “நாங்க முப்பது வருஷமா நிக்கறோம் இந்தச் சூட்டுல.”

“கேமராவுக்கு இன்னும் பழகல அண்ணே.”

பின்வாசல் காற்றில் திரையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூடு வெளியேற அப்படி விரித்து வைக்க வேண்டும் என்பது லோகேஸ்வரன் சொல்லிக்கொடுத்த வித்தைதான். கேமரா மறுபடி உயிர் பெற்றபோது குழம்பு கடைக்குப் போய்விட்டிருந்தது.

*

கடைக்கு மேல்மாடியில் ஹன்னாவின் அலுவலகம். சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல். மத்தியான வெயிலுக்காகத் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். மேசையில் சாந்தினியின் லேப்டாப். லோகேஸ்வரன் கிட்டே உட்காரவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

முதல் காட்சி ஓடியதும் ஹன்னாவின் முகம் வாடியது.

“என்னக்கா இது? குழம்பெல்லாம் சாம்பத் தண்ணியாட்டம் இருக்கு?”

“பயந்துடாத. வெயில்ல இருக்கறதும் நிழல்ல இருக்கறதும் ரெண்டுமே தொலைஞ்சிடக்கூடாதுன்னு இந்தக் கேமரா கலரை அடக்கி எடுத்து வச்சிருக்கும். நம்மதான் திறந்து விடணும்.”

ஒரு பொத்தானைத் தட்டினாள். கோழிக்குழம்பு சிவந்தது. வெண்டைக்காய் பச்சையானது. ஹனீபாவின் சட்டை நீலத்துக்குத் திரும்பியது.

“வாவ் லா,” என்றாள் ஹன்னா.

பட்டைகள் மட்டும் அப்படியே ஏறிக்கொண்டிருந்தன. சாந்தினி காட்சியைத் தள்ளிக்கொண்டே போனாள். தான் கத்திய இடத்துக்குப் பிறகு பட்டைகளைச் சுத்தமாகக் காணவில்லை. ஆனால் ஹனீபாவும் அந்த இடத்தில் இல்லை. கல்லாப் பக்கத்திலிருந்தவர் இப்போது கடையின் வாசலோரம், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

“ஆங்கிள் எவ்வளவு வச்சீங்கண்ணே?”

“எவ்வளவுன்னா?”

“ஷட்டர் ஆங்கிள். மாத்தினீங்கல்ல?”

“நீ அங்கிள மாத்துங்கன்னுதானே கத்தினே? நான் அங்கிள மாத்தினேன். அந்தப் பக்கம் போய் நில்லுங்க அங்கிள், சாந்தினி சொல்றான்னேன். அவரும் கரண்டியத் தூக்கிட்டுப் போயிட்டாரு.”

ஹன்னா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

“அதான் அத்தா கூட்டத்துக்கு நடுவுல நாலு குழம்பையும் வாசலுக்குத் தூக்கிட்டு வரச் சொன்னாங்களா! நான் வாஸ்து ஏதோன்னு நெனச்சேன்.”

“நூத்தி எழுபத்திரண்டுன்னும் சொன்னேனே அண்ணே!”

“யாரோட தாப்பாவ் பில்லோன்னு இருந்துட்டேன்.”

சாந்தினிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எல்இடி வெளிச்சத்தை விட்டுப் பகல் வெளிச்சத்துக்கு வந்ததால் பட்டை போயிருக்கிறது. தப்பாகக் கேட்டது சரியாக முடிந்திருக்கிறது. ஆனால் அந்தக் காட்சியைப் பெரிதாக்கியதும் சிரிப்பு நின்றது.

“அத்தா முகம்...” என்று இழுத்தாள் ஹன்னா.

ஹனீபாவின் முகம் மங்கல். மூக்கும் தாடியும் ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போல் கரைந்திருந்தன. அவருக்குப் பின்னால் எதிர்வரிசைக் கடைகளின் இரும்புக்கதவுகள் கத்தி போல் தெளிவாக இருந்தன.

“சரியாத்தானே இருக்கு?” என்றான் லோகேஸ்வரன்.

ஹன்னா சாந்தினியைப் பார்த்தாள். கீழேயிருந்து, “ஹன்னா! கல்லாவுக்கு வா!” என்று குரல் வந்தது. எழுந்தாள். “வந்துடறேன்க்கா. அத்தா முகம் தெளிவா இருக்கற கிளிப் ஏதாவது இருந்தா எடுத்து வைங்க.” இரண்டடி போய்த் திரும்பினாள். “கலர் ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா மங்கலா சுவத்துல போட முடியாதுக்கா.”

அவள் காலடி ஓசை படியில் இறங்கிப் போகும் வரை சாந்தினி காத்திருந்தாள்.

“எவ்வளவு நாளா அண்ணே?”

“என்ன எவ்வளவு நாளா?”

சாந்தினி தன் போனை எடுத்து அவன் மடியில் வைத்தாள். “படிங்க.”

லோகேஸ்வரன் போனைக் கையில் எடுத்தான். கை தானாக நீண்டது. முழங்கை நிமிரும் வரை நீண்டும் போதவில்லை. போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

“ஒரு வருஷம் இருக்கும்,” என்றான். “தூரத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியுது. பாலத்து மேல போர்டெல்லாம் உனக்கு முன்னாடி நான் படிப்பேன். கிட்டத்துலதான்.”

“வெள்ளெழுத்து.”

“அந்தப் பேரச் சொல்லாத.”

“நாப்பத்தஞ்சு வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே? ஒரு கண்ணாடி போட்டா முடிஞ்சுது.”

“கல்யாணத்துல கேமராமேன் மூக்குல கண்ணாடிய ஏத்தறதும் இறக்கறதுமா இருந்தா யாரு கூப்பிடுவா?” அவன் குரல் தாழ்ந்தது. “என் கேமரா இருந்தவரைக்கும் கவலையில்ல. அதுவே கண்ணைத் தேடிப் புடிச்சுக்கும். நான் சும்மா நேரா புடிச்சா போதும். நீ இந்தப் பெருசக் கொண்டாந்து வச்சே. வளையத்த நான் திருப்பணும்னே. எனக்கு அந்தத் திரையில எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது சாந்தினி. குத்துமதிப்பா திருப்பினேன்.”

மாக் மண்டின் பேச்சு எங்கிருந்து வந்தது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. கேமராமீது கோபமில்லை. அதைத் தொட்டால் தெரிந்துவிடும் என்ற பயம்.

“அண்ணிக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது.”

உங்கண்ணனுக்குக் கிட்ட இருக்கிறதப் பார்க்கத் தெரியல. அண்ணி போகும் முன் சொன்னது சாந்தினிக்கு இப்போது வேறு மாதிரி கேட்டது.

கதவு தள்ளப்பட்டது. ஹனீபா மூன்று கிளாஸ் தே தாரிக்கோடு வந்தார். “என்னமோ மங்கலா போச்சுன்னு மக சொல்றா. என் மூஞ்சி எப்பவுமே அப்படித்தான்.” இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தார். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. கழுத்துக் கயிற்றைத் தலைக்கு மேலாகக் கழற்றிக் கண்ணாடியை லோகேஸ்வரன் முன்னால் வைத்தார்.

“வேணாம் அங்கிள்.”

“போட்டுப் பாரு தம்பி. நான் நாப்பத்திரண்டுலயே போட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் மீன்ல முள்ளு இருக்கா இல்லையான்னே தெரியாம பரிமாறியிருக்கேன். அல்ஹம்துலில்லாஹ், ஒருத்தரும் சாகல.”

லோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துக் கயிற்றின் சிக்கலைப் பிரிக்க ஆரம்பித்தான்.

ஹன்னா வருவதற்குள் நல்லதாக ஒரு துண்டு கிடைக்குமா என்று சாந்தினி அந்த மங்கல் காட்சியை இன்னும் தள்ளினாள். ஹனீபாவின் தோள் திரையின் ஒரு பக்கம் ஒதுங்கியது. அவருக்குப் பின்னால் சந்து முழுவதும் விரிந்தது. அண்ணனின் கேமராவாக இருந்திருந்தால் அந்த வெயில் வெறும் வெள்ளையாகப் போயிருக்கும். இதில் எதிர்ச்சுவரின் விரிசல் கூடத் தெரிந்தது.

எதிர் அஞ்சடியில் ஒரு பெண் வந்து நின்றாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, இறக்கியிருந்த ஒரு இரும்புக்கதவின் பூட்டுக்குக் குனிந்தாள்.

சந்திரிகா.

சாந்தினியின் விரல் அசையவில்லை. காட்சி தானே ஓடியது. சந்திரிகா நிமிர்ந்தாள். நேராகக் கடையைப் பார்த்தாள். கடையையா, கேமராவுக்குப் பின்னால் குனிந்து நின்றவனையா? ஒரு அடி சாலையில் இறங்கி வந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே போனது. அவள் பின்வாங்கினாள். பிறகு திரும்பி, பழகிய கையால் கதவைத் தூக்கி உள்ளே போனாள்.

நிபோங் திபாலில் காலையிலிருந்து ஒரே மழை என்று சொன்னவள். சாந்தினி அவசரமாகக் காட்சியை முதலுக்குத் தள்ளி நிறுத்தினாள். அண்ணன் ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் போதும், தூரம்தானே, அவளைப் பார்த்திருப்பான். அவனோ தனக்குத் தெரியாத திரையையே முழு நேரமும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“அடேய்!” என்றான் லோகேஸ்வரன்.

கண்ணாடி அவன் மூக்கில் ஏறியிருந்தது. சினிமா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அதன் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இந்தப் பொத்தான்லெல்லாம் எழுத்து இருக்கு சாந்தினி! ஷட்டர்... ஆங்கிள்... நூத்தி எண்பது.” சின்னப் பையன் போல் உரக்கப் படித்தான். “இங்க மாத்தணுமா? இவ்வளவுதானா? இதுக்கா நான் அங்கிளத் தூக்கி வாசல்ல வச்சேன்?”

“வாசல்ல காத்து நல்லா வந்துச்சு தம்பி,” என்றார் ஹனீபா.

ஹன்னா படியேறி வந்தாள். அத்தாவின் கண்ணாடி யார் மூக்கில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாந்தினியிடம் திரும்பினாள்.

“அக்கா, ஒன்னு சொல்லட்டா? கிச்சன்ல சின்னக் கேமராவுல எடுத்தது நல்லா வந்திருந்தா அது இருக்கட்டும். அத்தாவ மட்டும் அந்தப் பெரிய கேமராவுல மறுபடி எடுங்க. அந்தக் கலர் எனக்கு வேணும். நாளைக்கு முடியுமா?”

சாந்தினி அண்ணனைப் பார்த்தாள்.

“முடியும்,” என்றான் லோகேஸ்வரன். “நானே எடுக்கறேன். பாயான் லெப்பாஸ்ல சொல்லி கேமராவ இன்னொரு நாள் வச்சுக்கலாம்.”

“திங்கக்கிழம மாக் மண்டின்?”

“மொதல்ல கண்ணாடிக் கடை. அப்புறம் மாக் மண்டினுக்கு ஒரு போன் போட்டு, வரலைன்னு சொல்லிடறேன்.” நாற்காலியை முன்னால் இழுத்தான். இத்தனை நேரத்தில் முதல் தடவையாக மேசையை ஒட்டி உட்கார்ந்தான். “அந்தக் கிளிப்ப முதல்லேருந்து போடு.”

“எதுக்குண்ணே? அதான் மறுபடி எடுக்கப் போறோமே. கிச்சன் கிளிப்பக் காட்டறேன்.”

“எங்க மங்கலா போச்சுன்னு நானே பாக்கணும். போடு லா.”

கண்ணாடியைப் போடச் சொன்னவள் அவள். இப்போது அவளே எப்படிப் பார்க்காதே என்பது? சாந்தினி காட்சியை ஓடவிட்டாள்.

“ச்சே, எவ்வளவு பின்னால போயிருக்கு!” என்றான் லோகேஸ்வரன். “பாரு, அங்கிள விட்டுட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம்...” விரலால் திரையைத் தொடப் போனான்.

விரல் அந்தரத்தில் நின்றது.

சந்திரிகா பூட்டைத் திறந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், சாலையில் இறங்கினாள், பின்வாங்கினாள். லோகேஸ்வரன் கடைசி வரை பார்த்தான். கதவு தூக்கப்பட்டு அவள் உள்ளே மறைந்ததும் காட்சி முடிந்தது.

“இந்த அக்காவா?” என்றாள் ஹன்னா, எட்டிப் பார்த்து. “எதிர்க்கடைய வாடகைக்கு எடுத்திருக்காங்களே, அவங்கதான். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

லோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி, கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, ஹனீபாவின் கையில் கொடுத்தான். எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினான்.

தூரத்தைப் பார்க்க அவனுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை.

எதிர்க்கடையின் இரும்புக்கதவு முக்கால்வாசி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வாசலில் ஒரு ஏணியைச் சாய்த்து, அதன் மேல்படியில் நின்றுகொண்டு, செய்தித்தாள் சுற்றிய ஒரு நீளமான பெயர்ப்பலகையைச் சந்திரிகா ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் தாளின் ஒரு மூலை கிழிந்து படபடத்தது. அதற்கடியில் பெயரின் முதல் எழுத்து தெரிந்தது.

“லோ,” என்று படித்தான் லோகேஸ்வரன், தன் பெயரையே முதல் முறை படிப்பவன் போல.